முப்பத்தொரு குழிகள்

பள்ளியின் பழைய மாணவர் மலருக்குக் கட்டுரை கேட்டு சுரேஷ் போன மாதம் வீட்டுக்கு வந்தார். என்னிடம் படித்தவர். இப்போது அதே பள்ளியில் கணக்கு ஆசிரியர். பேச்சுக்கிடையே கைபேசியில் எதையோ தட்டினார். ∈ என்ற குறி திரையில் வந்து நின்றது. ஒரு பொருள் ஒரு கணத்தைச் சேர்ந்தது என்று சொல்ல நாங்கள் போடும் குறி அது.

"இந்த ஒரு குறிக்கு நீங்க பட்ட பாட்ட பெரியவங்க சொல்லுவாங்க சார். ஸ்டென்சில்ல கையால கீறுவீங்களாமே! அத்த எழுதிக் குடுங்க. பசங்களுக்கு தமாஷா இருக்கும்."

சரி என்று தலையாட்டினேன். தமாஷாக எழுத உட்கார்ந்து மூன்று முறை தாளைக் கிழித்துப் போட்டேன். நான்காவது முறை எழுதுவது இது. மலரில் போட முடியாது என்று குழு முடிவு செய்தால் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் வெட்டிச் சுருக்கிப் போட வேண்டாம்.

என் தகப்பனார் குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்து மாரிகுப்பத்தில் தங்கச் சுரங்க ஷாஃப்டுக்குள் இறங்கியவர். நான் இறங்கக் கூடாது என்பதற்காகப் படிக்க வைத்தார். கணக்கில் பட்டம், பிறகு ஆசிரியர் பயிற்சி, இருபத்தைந்து வயதுக்குள் வேலை. எழுபதுகளில் பாடத்திட்டத்தில் கணங்கள் புதிதாக வந்தபோது அதைக் கோடைப் பயிற்சிக்குப் போய்க் கற்று வந்தவன் எங்கள் பள்ளியில் நான் ஒருவன்தான். மற்ற கணக்கு ஆசிரியர்கள் என்னிடம் வந்து சந்தேகம் கேட்பார்கள். அந்தக் கர்வம் கடைசி வரை என்னோடு இருந்தது. இந்தக் கதையில் அதற்கும் பங்கு உண்டு.

எங்கள் தட்டச்சுப் பொறியில் கணக்குறிகள் கிடையாது. வினாத்தாளை மெழுகு ஸ்டென்சிலில் அடிக்கும்போது குறி வர வேண்டிய இடத்தில் மூன்று எழுத்து இடம் விட்டு டைப்பிஸ்ட் நகர்ந்துவிட வேண்டும். அந்த வெற்றிடத்துக்கு அலுவலகத்தில் 'குழி' என்று பெயர். பிறகு நான் ஸ்டென்சிலைக் கண்ணாடிப் பலகைமேல் விரித்து, அடியில் விளக்கை ஏற்றி, இரும்பு முனை வைத்த எழுத்தாணியால் குழிகளை நிரப்புவேன். ∈ குறியின் வளைவை ஒரே இழுப்பில் போட்டால் மெழுகுத்தாள் கிழிந்து, உருட்டும்போது மை வழிந்து கறையாகிவிடும். மேல் பாதி ஒரு இழுப்பு, கீழ் பாதி ஒரு இழுப்பு, நடுக்கோடு கடைசியில். அவ்வளவு மெதுவாகச் செய்ய வேண்டிய வேலை.

குழிகளை எண்ணி வைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தவள் கஸ்தூரி. எங்கள் டைப்பிஸ்ட். மாரிகுப்பத்துப் பெண், கணவர் சுரங்கத்தில் மரத் தாங்கல் நிறுத்தும் டிம்பர் வேலை. அடித்து முடித்ததும் தாளின் பின்னால் பென்சிலால் 'இருபத்தி நாலு குழி' என்பது போல எழுதிவிடுவாள். நான் நிரப்பியபின் எண்ணிப் பார்த்து, கணக்குச் சரியாக இருந்தால் முன்பக்க மூலையில் 'பார்த்தேன்' என்று எழுதிச் சுருக்கொப்பம் வைப்பேன். அந்த எண்ணிக்கையால் எத்தனையோ தடவை தப்பித்திருக்கிறோம். ஒரு குழி நிரம்பாமல் போனால் பிள்ளைகள் அதை வெறும் இடைவெளி என்று நினைத்துத் தப்பாகப் போடுவார்கள்.

ஒரு நாள் அவள் கேட்டாள்: "இந்த மூணு பல்லு சீப்பு மாதிரி கீதே, அதுக்கு இன்னா சார் அர்த்தம்?"

"இவன் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்னு அர்த்தம்மா."

"சேராதவனுக்கு?"

"அதே குறி. மேல ஒரு குறுக்குக் கோடு."

"அப்போ நம்ம சம்பளப் புஸ்தகத்துல என் பேருகிட்ட அந்தக் கோடு போட்டதுதான் போடணும்" என்று சிரித்தாள். பதினோரு வருடமாக அவள் தற்காலிக ஊழியர். நிரந்தரமாக்குகிறோம் என்று நிர்வாகக் குழு ஒவ்வொரு ஜூனிலும் சொல்லும்.

தலைமை ஆசிரியர் ஞானமுத்து சாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் எந்த வினாத்தாளையும் உட்கார்ந்து படித்ததில்லை. ஜன்னல் ஓரம் நின்று, வரிக்கு அடியில் அளவுகோலை நகர்த்தி நகர்த்திப் படிப்பார். சத்தம் போடமாட்டார். ஒரு கேள்வியைக் கேட்பார். பதில் பிடிக்காவிட்டால் அதே கேள்வியை இன்னும் தாழ்ந்த குரலில் கேட்பார். மூன்றாவது முறை கேட்கும்போது நாம் குனிந்தால்தான் காதில் விழும். அதற்குள் பெரும்பாலும் உண்மை வந்துவிடும்.

தேர்வு விஷயத்தில் அவருடைய சட்டங்கள் கடுமையானவை. வினாத்தாளைப் பற்றித் தேர்வு அறைக்கு வெளியே ஒரு வார்த்தை பேசக் கூடாது, அடித்தவரே ஆனாலும். பெரிய தேர்வுகளின் தாளை வெளியே அச்சிடும்போது, யார் தயாரித்தார் என்று அச்சகத்துக்குத் தெரியக் கூடாது. அதனால் அச்சகத்துக்குப் போகும் சீட்டில் கையெழுத்து இருக்காது. 'அச்சிடலாம்', 'திருத்தி அச்சிடவும்' என்று இரண்டு வரி ஏற்கெனவே அடித்திருக்கும். வேண்டாததைக் கோடிட்டு அடித்துவிட்டு, அலுவலக முத்திரையோடு அனுப்ப வேண்டியது. அச்சகம் முதலில் அனுப்பும் மாதிரித் தாள், பார்த்தவர் கையெழுத்திட்ட ப்ரூஃப், மட்டும் உறையில் ஒட்டப்பட்டு அலுவலக இரும்பு அலமாரியில் இருக்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில் பள்ளிக்கு ஒரு கணினி வந்தது. நிர்வாகக் குழு மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டது. கஸ்தூரி ராபர்ட்சன்பேட்டையில் சாயங்கால வகுப்புக்குத் தன் செலவில் போய்க் கற்றுக்கொண்டு வந்தாள். சிம்பல் என்ற எழுத்துருவுக்கு மாற்றி, ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு எண்களை அடித்தால் குறிகள் வரும் என்று கண்டுபிடித்துக் காட்டியவள் அவள்தான். 0206 அடித்தால் சேர்ந்தது, 0207 சேராதது, 0199 வெட்டு, 0200 சேர்ப்பு, 0198 வெற்றுக்கணம். ஒரு அட்டையில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்தாள். பத்தே நாளில் அட்டையைப் பார்க்காமலே அடித்தாள்.

அதில் உள்ள ஆபத்தையும் அவளே காட்டினாள். அந்த வருடம் எங்கள் வட்டாரத்தில் ஐந்து பள்ளிகள் சேர்ந்து பத்தாம் வகுப்புக்கு ஆயத்தத் தேர்வு நடத்தின. கணக்குத் தாள் எங்கள் பொறுப்பு. நான் தயாரித்தேன், அவள் அடித்தாள். ஃபிளாப்பியில் போட்டு பங்காருப்பேட்டை அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும்.

"சார், இங்க பாருங்க" என்று கூப்பிட்டு, முழுத் தாளையும் தேர்ந்தெடுத்து எழுத்துருவை மாற்றினாள். ∈ இருந்த இடமெல்லாம் Î ஆனது. ∩ இருந்த இடமெல்லாம் Ç ஆனது. "தொப்பி போட்டுக்குது, வாலு முளைக்குது. பிரெஸ்காரங்க அவங்க எழுத்துல மாத்துவாங்க. அப்போ இதான் ஆவும். பழையபடி குழி விட்டு அனுப்பலாம் சார். ப்ரூஃப் வந்ததும் நீங்க கையால எழுதிடுங்க, அத்த அப்டியே படமா பிளாக் எடுக்கச் சொல்லிடலாம்."

சரியான யோசனை. நான் ஒப்புக்கொள்ளவில்லை. "கம்ப்யூட்டர் வாங்கினப்புறமும் கையால எழுதி அனுப்பினா மத்த ஸ்கூல்ல சிரிப்பாங்கம்மா. நீ அனுப்பு" என்றேன். அந்த வருடம் உதவித் தலைமை ஆசிரியர் பதவி காலியாகவிருந்தது. கணினியில் கணக்குறி அடித்து வந்த முதல் தாள் என்று குழுவிடம் சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டேன். காரணம் அவ்வளவுதான்.

நான்கு நாள் கழித்து மத்தியானம் அச்சகத்து ஆள் ப்ரூஃபோடு ரயிலில் வந்தான். அடுத்த ரயிலிலேயே திரும்ப வேண்டும் என்று அவசரப்படுத்தினான். கஸ்தூரி ப்ரூஃபை வாங்கிப் பார்த்திருக்கிறாள். முத்திரை குத்திய சீட்டையும் ப்ரூஃபையும் எடுத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தாள்.

ஆய்வகத்துக்குப் பின்னால் ஒரு சிறிய அறை உண்டு. வகுப்பு இல்லாத நேரத்தில், சில சமயம் இருக்கும் நேரத்திலும், நாங்கள் நான்கு பேர் அங்கே கேரம் ஆடுவோம். அன்று சிவப்புக் காயைப் போட்டுவிட்டு அடுத்த காயைக் குறி பார்த்துக்கொண்டிருந்தேன். அதையும் போட்டால்தான் சிவப்பு எனக்கு. பெண்கள் அந்த அறைக்குள் வரமாட்டார்கள். கஸ்தூரி வாசலிலேயே நின்றாள்.

"சார், பிரெஸ் ஆளு நிக்கிறாரு. பின்னாடி எழுதி கீறேன். பாத்துட்டுக் குடுங்க."

"இன்னா எழுதின? குழிக் கணக்கா?"

"ஆமா சார். பின்னாடி பாருங்க."

"கம்ப்யூட்டர்ல ஏதும்மா குழி?" என்றேன். மற்ற மூவரும் சிரித்தார்கள். பௌதிக ஆசிரியர், "சாரை ஷாஃப்டுல எறக்காம விடமாட்ட போல கீதே" என்றார். அவள் சிரிக்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மூன்று பேரைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். வினாத்தாளைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்பது சட்டம். அந்த அறையில் அதை நினைவு வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

தாளை வாங்கிக்கொண்டு, "நீ போ, நான் பாத்துட்டுக் குடுக்கறேன்" என்றேன். அவள் போனதும் கேரம் பலகையின் ஓரத்தில் வைத்து, மூலையில் 'பார்த்தேன்' என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்தேன். சீட்டில் 'திருத்தி அச்சிடவும்' என்ற வரியைக் கோடிட்டு அடித்தேன். பலகையில் தூவியிருந்த பவுடர் தாளில் ஒட்டியது. ஊதிவிட்டு, உறைக்குள் போட்டு ஒட்டினேன். பிறகு அந்தக் காயைப் போட்டேன். சிவப்பு எனக்குக் கிடைத்தது.

வெளியே வந்து சீட்டை அச்சகத்து ஆளிடமும் உறையைக் கஸ்தூரியிடமும் கொடுத்தேன்.

"முப்பத்தியொண்ணும் பாத்தீங்களா சார்?"

"முப்பத்தியொண்ணும் பாத்தாச்சு."

அவள் முகம் தெளிந்தது. உறையைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தாள். அச்சான கட்டுகள் முத்திரையோடு நேரே ஐந்து பள்ளிகளுக்கும் போயின; அச்சகத்திலேயே சரிசெய்துவிட்டார்கள் என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

தேர்வு அன்று ஐந்து பள்ளிகளிலும் கட்டுகளை ஒரே நேரத்தில் பிரித்தார்கள். எங்கள் கூடத்தில் நான்தான் மேற்பார்வை. முதல் வரிசையில் ஒரு பெண் எழுந்து, "சார், இது இன்னா எழுத்து சார்?" என்று கேட்டாள். குனிந்து பார்த்தேன். தொப்பிகளும் வால்களும். கரும்பலகையில் எழுதித் திருத்தினேன். மற்ற நான்கு பள்ளிகளில் யாருக்கும் எது எந்தக் குறி என்று தெரியவில்லை. ஒரு பள்ளியில் பாதித் தேர்வில் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டார்கள். தேர்வு ரத்தானது. சாயங்காலத்துக்குள் நிர்வாகக் குழுச் செயலாளர் வந்துவிட்டார். மறுநாள் பத்து மணிக்கு விசாரணை என்றார்கள்.

மறுநாள் எட்டரை மணிக்கே பள்ளிக்குப் போனேன். அலமாரிச் சாவி கஸ்தூரியின் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்கும், எல்லோருக்கும் தெரியும். அலமாரியைத் திறந்து, உறையை எடுத்துக் கிழித்தேன். முன்பக்கத்தில் முப்பத்தொரு இடத்திலும் தொப்பி எழுத்து. மூலையில் என் கையெழுத்து. அப்போதுதான் திருப்பினேன். பென்சிலில் எழுதியிருந்தாள்:

'31 குழி. ஒன்றுகூட சரியில்லை. எல்லாம் தொப்பி எழுத்தாக வந்திருக்கிறது. அச்சை நிறுத்துங்கள் சார். குழி விட்டு அடிக்கச் சொல்லுங்கள். அறுநூறு தாள் ஆனாலும் நான் இருந்து கையால் நிரப்பிக் கொடுக்கிறேன். கஸ்தூரி.'

இரண்டு முறை படித்தேன். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அலமாரியைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டினேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. பயத்தில் கை தானாகச் செய்தது என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. நின்று, யோசித்து, முடிவெடுத்துத்தான் செய்தேன்.

விசாரணையில் செயலாளர் உட்கார்ந்திருந்தார். ஞானமுத்து சார் வழக்கம்போல ஜன்னல் ஓரம் நின்றார். அச்சகத்திலிருந்து வந்த சீட்டு மேசைமேல் இருந்தது. முத்திரை இருந்தது. கையெழுத்து இல்லை.

"ப்ரூஃப் யார் பார்த்தீங்க?" என்று ஞானமுத்து சார் கேட்டார்.

"சார் கையில குடுத்தேன் சார்" என்றாள் கஸ்தூரி. "பின்னாடி எழுதியும் குடுத்தேன். அலமாரியில உறை கீது, எடுத்துப் பாருங்க."

அலமாரியைத் திறந்தார்கள். உறை இல்லை. அவள் தானே போய் ஒவ்வொரு தட்டாகத் தேடினாள். மற்ற பாடங்களின் உறைகளையெல்லாம் எடுத்துத் தரையில் அடுக்கினாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். திரும்பி வந்தபோது அவள் கை முழுக்கத் துரு.

"ப்ரூஃப் யார் பார்த்தீங்க?" குரல் தாழ்ந்தது. இந்த முறை என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எங்கிட்ட வரல சார்" என்றேன்.

கஸ்தூரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம்கூட இல்லை; காது கேட்டது சரிதானா என்று பார்ப்பது போலப் பார்த்தாள். "கேரம் ரூம்ல நாலு பேரு இருந்தாங்க சார். அவங்கள கேளுங்க. நான் வந்தத பாத்தாங்க."

செயலாளர் நிமிர்ந்தார். "ஸ்கூல் நேரத்துல கேரமா?"

அந்த மூன்று பேரைக் கூப்பிட்டால் நான்கு ஆசிரியர்கள்மேல் நடவடிக்கை வரும். பள்ளியின் பெயர் இரண்டாம் முறை கெடும். ஞானமுத்து சார் அளவுகோலைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்றாவது முறை அந்தக் கேள்வியைக் கேட்கப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நம்ப ஆசைப்படுகிறேன். அவர் கேட்கவில்லை. "அலமாரி உங்க பொறுப்புலதானே இருந்தது, கஸ்தூரி?" என்றார். அப்போது அவர் பார்வை என் சட்டைப் பையில் இருந்தது.

அவருக்குத் தெரியும் என்று அன்றே எனக்குத் தெரிந்தது. ஓய்வு பெறும்வரை அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆனால் அதன்பின் என் தாள்களை அவர் அளவுகோல் வைத்துப் படிக்கவில்லை. வாங்கி மேசையில் வைத்துவிடுவார்.

ஜூனில் நிரந்தரமானவர்கள் பட்டியலில் கஸ்தூரி இல்லை. வேலையிலிருந்தும் நிறுத்திவிட்டார்கள். சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சாக இருந்த சமயம். அந்த வீட்டுக்கு நிலையாக இருந்தது அவளுடைய வேலை ஒன்றுதான். அதே ஜூனில் நான் உதவித் தலைமை ஆசிரியர் ஆனேன்.

கடைசி நாளன்று ஆசிரியர் அறைக்கு வெளியே எனக்காகக் காத்திருந்தாள். கையில் என் எழுத்தாணி. "என் டிராயர்ல இருந்தது சார்" என்று நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் சார். நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். பின்னாடி பாத்தீங்களா?"

"இல்லம்மா" என்றேன்.

"அப்டியா" என்றாள். "அப்போ தெரியாமதான் நடந்துச்சு." அந்தப் பதில் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல் தந்தது போலத் தெரிந்தது. எதையும் பார்க்காத சோம்பேறியாக என்னை நினைத்துக்கொண்டு போனாள். அதைக்கூட நான் திருத்தவில்லை.

இரண்டாயிரத்தொன்றில் ஓய்வு பெற்றேன். சுரங்கமும் அந்த வருடம்தான் மூடியது. விடியற்காலை பெங்களூர் ரயிலில் நிற்கக்கூட இடம் இருக்காது. ஊரே வேலை தேடி அந்த ரயிலில் போய் வந்தது. ஓய்வூதியக் காகிதங்களுக்காக ஒரு நாள் அதில் ஏறினேன். "உக்காருங்க சார்" என்று ஒரு குரல். கஸ்தூரி எழுந்து இடம் கொடுத்தாள். பெங்களூரில் ஒரு டி.டி.பி. கடையில் வேலையாம். கல்லூரிக் கணக்குத் தாள்கள் அடிக்கிறாளாம்.

பக்கத்தில் இருந்த பெண், "யாருக்கா?" என்று கேட்டாள்.

"எங்க ஸ்கூல் கணக்கு சாரு."

அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீ சொல்லுவியே, அந்த சாரா?"

"சேச்சே. அது வேற சாரு" என்றாள் கஸ்தூரி.

என் டிக்கெட் பெங்களூர் வரை. பங்காருப்பேட்டையிலேயே இறங்கிவிட்டேன். பிறகு அவளைப் பார்க்கவில்லை. எங்கே இருக்கிறாள் என்று இப்போது விசாரித்தும் தெரியவில்லை. மலர் எங்கெங்கோ இருக்கும் பழைய மாணவர்களுக்குப் போகும் என்று சுரேஷ் சொன்னார். அவள் பிள்ளைகள் இரண்டு பேரும் நம் பள்ளியில் படித்தவர்கள்.

அந்த ப்ரூஃபை இந்தக் கட்டுரையோடு இணைத்திருக்கிறேன். மடிப்பில் கிழிந்திருக்கிறது, பென்சில் எழுத்து இன்னும் தெரிகிறது. பின்பக்கத்தையும் அச்சிடுங்கள். முன்பக்க மூலையில் 'பார்த்தேன்' என்று நான் எழுதியிருப்பது பொய். எழுதியபோது நான் எதையும் பார்க்கவில்லை.

பின்பக்கத்தைப் பார்த்தேன், கஸ்தூரி. விசாரணைக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால், அலமாரி ஓரத்தில் நின்று, இரண்டு முறை பார்த்தேன்.